கெண்டைக்கு வில் வாங்கலாமா, தூண்டிலே போதுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் இட்லியில் கை வைக்கிற நேரம் பார்த்துத் தண்டையார்பேட்டையிலிருந்து அக்கா போன் செய்தாள். "உன் மருமகன் வில்லு வாங்கப் போறானாம்டா. மீன் பிடிக்கவாம். என்னன்னு நீயே கேளு" என்று சொல்லிவிட்டுப் போனை அவன் கையில் திணித்தாள்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து வந்தால் படுக்கமாட்டான், போனில் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். படகு முனையில் நின்று தண்ணீருக்குள் அம்பு விட்டு, முழங்கை நீளக் கெண்டையைக் கயிற்றோடு இழுத்துப் போடுகிற வீடியோக்கள் பத்து நாளாக அவன் தலைக்குள் புகுந்திருக்கின்றன. "மாமா, காம்பவுண்ட் வில்லு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ரெட்டேரியில கெண்டை நிறைய இருக்குல்ல? அங்கயே ஆரம்பிச்சிடலாம்."

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் வில், தூண்டில் இரண்டையும் கையில் பிடித்தவன் நான் ஒருவன்தான். தூண்டில், பள்ளிக்கூடம் கட் அடித்த நாளிலிருந்து. வில், வேலை விஷயமாக அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் எட்டு மாதம் இருந்தபோது இரண்டே இரண்டு ராத்திரி. அந்த இரண்டு ராத்திரியை வைத்துக்கொண்டு நான் வில்லாளி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் எதற்குக் காசு போடலாம், எதற்குப் போடக்கூடாது என்று சொல்லுகிற அளவுக்கு அடி வாங்கியிருக்கிறேன்.

அவனுக்கு முன்னால் இருந்த வழிகள் இவை: வில், தூண்டில், வீச்சு வலை. நாலாவதாக, ரீல் மாட்டிய உண்டிவில் ஒன்றையும் அவனே கேட்டான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் வில் மீன்பிடிப்பு நான் பார்த்த அமெரிக்காவில் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வீடியோவில் தெரிவதும் நேரில் இருப்பதும் வேறு வேறு. தட்டையான அலுமினியப் படகு. முனையில் வரிசையாக விளக்குகள். அதற்கு ஒரு ஜெனரேட்டர், நம் கோயில் திருவிழாவில் ஓடுகிற மாதிரி சத்தத்தோடு. விளக்கு வெளிச்சத்தில் கரையோரத் தண்ணீர் டிகாஷன் போல ஒரு ஒன்றரை அடி ஆழத்துக்குத் தெரியும். அதற்குள் பழுப்பு நிழல் ஒன்று நகரும். அதுதான் மீன். குறி பார்க்கக் கருவி எதுவும் வில்லில் இருக்காது. நிழலைப் பார்த்ததும் இழுக்கவேண்டும், விடவேண்டும், எல்லாம் இரண்டு வினாடிக்குள். முதல் ராத்திரி முப்பது அம்புக்கு மேல் விட்டேன். கிடைத்தது மூன்று மீன். மற்ற அம்பெல்லாம் சேற்றில் சொருகி, கயிற்றை இழுத்து இழுத்து எடுத்ததிலேயே பொழுது போனது. நடுவில் வெள்ளிக் கெண்டை ஒன்று படகுச் சத்தத்தில் மிரண்டு துள்ளி என் தொடையில் மோதியது. ஒரு வாரம் நீலம் போகவில்லை. மறுநாள் காலை சட்டைப் பொத்தான் போட விரல் மடங்கவில்லை.

நன்றாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

ஆனால் அந்த ஊரில் அது ஏன் நடக்கிறது என்று பார்க்கவேண்டும். சாதாக் கெண்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1970களில் குளத்துப் பாசியைத் தின்னட்டும் என்று வெள்ளிக் கெண்டையை ஆர்க்கன்சா மாநிலத்தில் இறக்கினார்கள். அது தப்பி மிசிசிப்பி ஆற்றில் ஏறி, இல்லினாய் ஆறு வரை வந்து, அங்கிருந்த மீன்களுக்கு இரை இல்லாமல் செய்துவிட்டது. எத்தனை கொன்றாலும் நல்லது என்று அரசாங்கமே நினைக்கிற மீன் அது. அந்த ஊர்க்காரர்கள் முள் அதிகம் என்று கெண்டையைச் சீண்டுவதே குறைவு. ஆகவே வில்லை எடுத்துக்கொண்டு வா, உரிமம் எடு, அடி என்று கதவு திறந்திருக்கிறது. நானும் உரிமம் எடுத்துக்கொண்டுதான் படகேறினேன்.

இங்கே கதை நேர்மாறு. சாதாக் கெண்டையை 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள், 1957இல் பாங்காக் வகை வந்தது. வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் 1959இல் கட்டாக்கில் வந்து இறங்கின. எல்லாமே வளர்த்துத் தின்பதற்காக. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் நம் நாட்டு ஆறுகளின் மீன்கள். அவற்றையும் இன்றைக்குக் குஞ்சு விட்டுத்தான் வளர்க்கிறோம். பியோரியாவில் கெண்டை களை, பொன்னேரியில் கெண்டை பயிர். யாரோ ஒருவர் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார், தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டிருக்கிறார், ஏலத்துக்கோ குத்தகைக்கோ காசு கட்டியிருக்கிறார். கொளத்தூர்க் கடைகளில் கண்ணாடித் தொட்டிக்குள் சிவப்பும் வெள்ளையுமாக ஓடுகிற கோய் மீன்கூட இதே சாதாக் கெண்டை வம்சம்தான். அதை யாரும் அம்பால் அடிக்க நினைப்பதில்லை, விலை எழுதி ஒட்டியிருப்பதால். ஏரிக் கெண்டையின் மேல் விலைச்சீட்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"சரி மாமா, காசு குடுத்துட்டே அடிக்கிறேன். எந்தத் தண்ணியில அடிக்கலாம்?" என்றான். நல்ல கேள்வி. வட சென்னைக்காரன் வில்லோடு எங்கே போவான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

புழல் ஏரி 1876இல் கட்டியது, முழுசாக நிரம்பினால் 3,300 மில்லியன் கன அடி, ஊருக்கே குடிதண்ணீர். அங்கே வில்லோடு இறங்குவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். சோழவரமும் அதே கணக்கு. ரெட்டேரி, கொரட்டூர், மாதவரம் ஏரிகளில் ஆகாயத்தாமரை படர்ந்த இடம் பாதி, கலங்கிய தண்ணீர் மீதி. அதோடு அரசு ஏரிகளில் மீன்பிடி உரிமை பொதுவாகக் குத்தகைக்காரரிடமோ மீனவர் சங்கத்திடமோ இருக்கும். அவர்களைக் கேட்காமல் தூண்டில் போட்டாலே சத்தம் வரும், அம்பைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். பக்கிங்காம் கால்வாயைப் பற்றி எழுதித் தெரியவேண்டியது ஒன்றுமில்லை, அந்தப் பாலத்தைக் கடக்கும்போது மூக்கே சொல்லிவிடும். எண்ணூர்க் கழிமுகம் உப்புத் தண்ணீர், அங்கே கெண்டை கிடையாது. மடவை, கொடுவா, இறால் எல்லாம் அதை நம்பிப் பிழைக்கிறவர்களுடையது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஏரிகளில் பாலாமை உண்டு. மூச்சு விட மேலே வரும்போது கலங்கல் தண்ணீரில் பார்த்தால் அதுவும் ஒரு பழுப்பு நிழல்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிற உயிர். தூண்டிலில் ஆமை மாட்டினால் நரம்பை (தூண்டில் நூலை) அறுத்துவிட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம். அம்பு பட்ட ஆமையை என்ன செய்வது? நீர்க்காகமும் முக்குளிப்பானும்கூட இதே தண்ணீருக்குள்தான் முங்கி எழுகின்றன. அம்பு சாய்வாகப் பட்டால் தண்ணீர் மேல் தட்டி எகிறிப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்க்கரையில் எருமை குளிப்பாட்டுகிறவர், துணி துவைக்கிறவர், கிரிக்கெட் பந்து எடுக்க இறங்கிய பையன் என்று யாராவது ஒருவர் இல்லாத ஏரி இந்த ஊரில் எங்கே இருக்கிறது?

மிச்சம் இருப்பது தனியார் மீன் குட்டைகள். பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் வயலுக்கு நடுவில் வெட்டியிருப்பார்கள். தெரிந்தவர் ஒருவருடைய குட்டைக்கு அவனை அழைத்துக்கொண்டு போனேன். வில் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை. அவர் எங்களைப் பார்த்ததும் பேசிக்கொண்டே வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, கையைத் தண்ணீருக்குள் நேராக விட்டார். உள்ளங்கையை மேலே பார்க்க விரித்திருந்தார். முழங்கை மூழ்கும்போது விரல்கள் மறைந்தன. "ம், நல்லா இருக்கு" என்று எழுந்தார்.

அவர் பார்த்தது தண்ணீரின் பச்சையை. கெண்டைக் குட்டையில் கண்ணுக்குத் தெரிகிற ஆழம் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் இருந்தால் மீனுக்கான நுண்பாசி அளவாக இருக்கிறது என்று அர்த்தம். அதைவிடத் தெளிந்தால் சாணம் கரைத்து ஊற்றுவார்கள், அதைவிடக் கலங்கினால் தண்ணீர் மாற்றுவார்கள். அளவுகோல் வேண்டாம், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, ஒரு முழம். மருமகன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. நன்றாக நடக்கிற கெண்டைக் குட்டை என்றாலே ஒரு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியாத தண்ணீர். வில்லுக்கோ முதலில் கண்ணுக்கு மீன் தெரிந்தாகவேண்டும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும், மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியில். சாதாக் கெண்டை சேற்றைக் கிளறித் தின்கிற பழக்கத்தால் தெளிந்த தண்ணீரையும் கலக்கிவிடும். கட்லாவும் வெள்ளிக் கெண்டையும்தான் மேலே வரும். அதுவும் விடியற்காலையில் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று பொருள். அந்த நேரம் பார்த்து வில்லோடு நின்றால் குட்டைக்காரர் நம்மைத்தான் குட்டைக்குள் தள்ளுவார்.

தண்ணீர்க் கதை இதோடு முடியவில்லை. மறு வாரம் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நீல டிரம் ஒன்றில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து, அடியில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைப் போட்டேன். ஒரு அடி நீளப் பிவிசி குழாயைச் சாய்வாகப் பிடிக்கச் சொன்னேன், தண்ணீரில் படாமல். குழாய் வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்து நாணயம் நடுவில் தெரிகிற இடத்தில் அவன் நிறுத்தினான். "ஆடாதே" என்று சொல்லிவிட்டு, அதே குழாய்க்குள் ஒரு நீளக் கம்பியை விட்டேன். கம்பி நேராகப் போய் டிரம்மின் அடியைத் தொட்டது. நாணயத்தைத் தாண்டி, அரைச் சாணுக்கு மேல் தள்ளி.

"பார்த்தது சரிதான், பட்டதுதான் தப்பு" என்று அவனே சிரித்தான். தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது ஒளி வளைவதால் மீன் இருக்கிற இடத்தைவிட மேலே தெரியும். அதனால்தான் வில்காரர்கள் எல்லோரும் மீனுக்குக் கீழே குறி வைக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: பத்தடி தள்ளி, ஒரு அடி ஆழத்தில் மீன் இருந்தால் நாலு அங்குலம் கீழே விடு. தூரமோ ஆழமோ இரட்டித்தால் எட்டு அங்குலம். படகில் எனக்குச் சொன்னதும் இதேதான். ஆனால் இரண்டு வினாடிக்குள் ஆழத்தை யார் அளப்பது? கை பழகவேண்டும், நூற்றுக்கணக்கில் தவறவிட்டால்தான் பழகும். திரௌபதை அம்மன் கோயில் கூத்தில் வில் வளைப்பு அன்று அருச்சுனன் கீழே பார்த்து மேலே மீனை அடிப்பானே, அவன் பார்த்தது பிம்பம். பிம்பத்துக்கு இந்த வளைவுத் தொல்லை இல்லை. நிஜமாகவே தண்ணீருக்குள் மீனை வைத்திருந்தால் பாஞ்சால மன்னன் இன்னும் கொஞ்ச நாள் மாப்பிள்ளை தேடியிருப்பான்.

அக்காவுக்கு வேறு கவலை. "துணி தொவைக்க வச்ச டிரம்முடா அது."

இவ்வளவுக்குப் பிறகும் வில்தான் வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், அங்கே சட்டப்படி அடிக்க இடம் உள்ளவர்கள். அவர்களுக்காக எந்த வில் என்று என் கருத்தைச் சொல்கிறேன். ரிகர்வ் வில் (முனைகள் முன்பக்கம் வளைந்த, சக்கரம் இல்லாத வில்), காம்பவுண்ட் வில் இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் குழப்பம்.

காம்பவுண்டில் சக்கரங்கள் இருக்கும். முழுசாக இழுத்த பிறகு நாணைப் பிடித்திருக்கிற கனம் குறைந்துவிடும், எண்பது சதவீதம் வரைகூட. மான் வேட்டைக்காரன் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் காத்திருக்கலாம். மீனுக்கு அந்த நிதானமே கிடையாது. பாதி இழுவையில், இடுப்பு உயரத்தில், குனிந்தபடியே விடுகிற நேரம்தான் அதிகம். கனம் திடீரென்று குறைகிற வில்லில் பாதி இழுவையில் விட்டால் அம்பு தள்ளாடும். அதனால்தான் மீனுக்கென்று செய்கிற காம்பவுண்டுகளில் கனம் குறைவதையே எடுத்துவிடுகிறார்கள், அல்லது கொஞ்சமாக வைக்கிறார்கள். வேட்டைக் காம்பவுண்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவது வீண். அதோடு நாண் மாற்றுவதற்குக்கூட அதற்கென்று ஒரு அழுத்துக் கருவி வேண்டும். ரிகர்வ் வில்லில் நாணை நீங்களே மாற்றலாம், மூன்று துண்டாகக் கழற்றிப் பையில் போடலாம், தண்ணீரும் சேறும் பட்டால் துடைத்து வைத்தால் போதும்.

இழுக்கிற கனத்தில்தான் இளைஞர்கள் ஏமாறுகிறார்கள். நாற்பது பவுண்டு என்றால் பதினெட்டுக் கிலோ. வீட்டுக்கு வருகிற இருபது லிட்டர் தண்ணீர் கேனை மூன்று விரலால் கொக்கி போட்டு இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ராத்திரிக்கு நூறு தடவை. மருமகன் பார்த்து வைத்திருந்தது ஐம்பது பவுண்டு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு முப்பதிலிருந்து நாற்பதுக்குள் போதும். இரண்டு மூன்று அடி ஆழத்துக் கெண்டைக்கு அதற்கு மேல் தேவையில்லை. மிச்ச வேகம் எல்லாம் அம்பைச் சேற்றில் இன்னும் ஆழமாகப் புதைக்கத்தான் பயன்படும்.

அம்பு தனி ரகம். இறகு கிடையாது. கெட்டியான ஃபைபர் கிளாஸ், சாதாரண அம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம், முனையில் விரிகிற முட்கள். பின்னால் இருநூறு பவுண்டு தாங்கும் பின்னல் கயிறு. அந்தக் கயிற்றை அம்பின் வால் துளையில் நேராகக் கட்டிவிட்டு வில்லைத் தூக்கினால் உயிருக்கே உலை. கயிறு நாணிலோ வில்லிலோ சிக்கினால் போன அம்பு அதே வேகத்தில் முகத்துக்குத் திரும்பும். அதற்காகத்தான் அம்பின் மேல் வழுக்கி ஓடுகிற ஒரு சின்ன வளையம் வைத்து அதில் கயிற்றைக் கட்டுகிறார்கள். விடுகிற வரை கயிறு வில்லுக்கு முன்னாலேயே இருக்கும். எதில் மிச்சம் பிடித்தாலும் இந்த வளையத்தில் பிடிக்காதீர்கள்.

ரீலில் மூன்று வகை. கையால் சுற்றுகிற வெறும் உருளை மலிவு, கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை, ஆனால் மெதுவு. பொத்தான் அமுக்குகிற ரீல் வேகமாகச் சுற்றும். ஒவ்வொரு தடவையும் அம்பு விடும் முன் பொத்தானை அமுக்க ஞாபகம் வேண்டும், மறந்தால் கயிறு அறும், இல்லையென்றால் அம்பு திரும்பும். மூன்றாவது பாட்டில் ரீல்: கயிறு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் தளர்வாகக் கிடக்கும், அம்பு போகும்போது தானாக உருவிக்கொண்டு போகும். புதியவருக்கு இதுதான், இரண்டாவது பேச்சே இல்லை. மறதி ஒரு ஆபத்தாக இல்லாத ரீல் இது. ரிகர்வ் வில்லும் ரீலும் அம்பும் சேர்ந்த தொகுப்பு அமெரிக்காவில் இருநூறு டாலருக்குப் பக்கத்தில் ஆகும், காம்பவுண்ட் என்றால் முந்நூறு, நானூறைத் தொடும். போலரைஸ்டு கண்ணாடி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பகலில் தண்ணீர் மினுக்கத்தை வெட்ட அது இல்லாமல் ஆகாது. விரலுக்கு நாணில் மாட்டுகிற ரப்பர் உறை. என் சட்டைப் பொத்தான் கதை ஞாபகம் இருக்கட்டும்.

அம்பு பட்ட மீனைத் திருப்பி விடமுடியாது என்பதும் வில்லின் கணக்கில் சேரவேண்டும். அரைக் கிலோவா ஐந்து கிலோவா என்று தண்ணீருக்குள் தெரிவதில்லை. அடித்தால் எடுத்துக்கொண்டு போய்ச் சமைக்கவேண்டும்.

உண்டிவில்லுக்கு ஒரு பத்தி போதும். லேசர் விளக்கும் ரீலும் குத்தூசியும் சேர்த்து வருகிறது. வில்லில் இருக்கிற எல்லா ஆபத்தும் இதில் உண்டு, முகத்துக்கு இன்னும் பக்கத்தில். லேசர் புள்ளியும் தண்ணீரில் வளையும் என்பதால் குறிக்கும் பெரிய உதவி இல்லை. வேண்டாம்.

வீச்சு வலை எனக்குப் பிடித்த விஷயம். எண்ணூரில் ஒரு பெரியவர் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசுவதைப் பார்த்திருக்கிறேன். வலை காற்றில் முழு வட்டமாக விரிந்து, ஓரத்து ஈயக் குண்டுகள் எல்லாம் ஒரே நொடியில் தண்ணீரைத் தொடும். ஒரே ஒரு "சப்". அந்தச் சத்தம் வர எனக்கு மூன்று மாதம் ஆனது, அதுவும் பத்துக்கு நாலு தடவை. மணிக்கட்டில் கயிறு, முழங்கையில் ஒரு மடிப்பு, மீதி இரண்டு கையிலும் பிரித்துப் பிடிப்பு. உடம்பைத் திருப்பி விடும்போது எல்லாம் ஒன்றாகக் கழலவேண்டும். ஆனால் கெண்டைக்கு இது சுமார்தான். பெரிய ரோகு வலை விழும் முன்னே விலகிவிடும், வெள்ளிக் கெண்டை தாண்டிவிடும், குட்டையின் அடியில் திருட்டு வலைக்குத் தடையாக நட்டிருக்கிற குச்சியில் வலை கிழியும். குத்தகைக்காரர் கண்ணில் வலை என்றால் தொழில். பொழுதுபோக்குக்கு வந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டார்.

ஆகத் தூண்டில். நான் மருமகனுக்குச் சொன்னது இதுதான்: "உனக்குப் பிடிச்சது வில்லா, மீனா? வில்லுன்னா ஒரு வில்வித்தைப் பயிற்சிக் கூடத்துல சேரு. இருபது, இருபத்திநாலு பவுண்டு வில்ல அவங்களே கையில குடுப்பாங்க. மூங்கில் வில்லுக்கே நம்ம நாட்டுல முப்பது மீட்டர், அம்பது மீட்டர்னு தனிப் போட்டி நடக்குது. மீனுன்னா என்கூட வா. ரெண்டையும் ஒரே தண்ணியில கலக்கணும்னா, அதுக்கு ஏத்த தண்ணி நம்ம பக்கம் இல்ல."

தூண்டிலுக்கு ஆன செலவு ஆயிரத்துக்குள். காசிமேட்டில் வலைக் கடையில் நரம்பு வாங்கினோம், 0.30 மில்லிமீட்டர். ஒன்றிரண்டு கிலோ கெண்டைக்கு அது தாங்கும். முள் ஆறாம் நம்பர் ஒரு பாக்கெட், எட்டாம் நம்பர் ஒரு பாக்கெட். நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும் என்பது தெரியாமல் அவன் பன்னிரண்டைக் கையில் எடுத்தான், கடைக்காரர் சிரித்தார். ஈயம் பட்டாணி அளவு. தக்கைக்குப் பழைய ஹவாய் செருப்பை வெட்டினோம். கடைத் தக்கையைவிட அதுதான் எனக்கு ராசி. கம்பு, ரீல் இல்லாத சாதாரண மடக்குக் கம்பு. ரீல் வைத்த கம்பு நல்லதுதான், ஆனால் குட்டையில் மீன் இருப்பது இருபதடிக்குள். முதல் நாளே ரீலை வைத்துக்கொண்டு நரம்பைச் சிக்கலாக்கிப் பொழுதைக் கழிக்கவேண்டாம்.

இரையில்தான் விஷயம் இருக்கிறது. குட்டைக்காரர் தினமும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டு வளர்க்கிற மீனுக்கு அந்த வாசனைதான் சாப்பாட்டு மணி. புண்ணாக்கை முதல் நாள் ஊறவைத்து, மைதா சேர்த்துப் பிசைந்து, காது மடல் மாதிரி மெதுவாக வந்ததும் நிறுத்தவேண்டும். இறுகினால் கெண்டை உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடும், இளகினால் முள்ளை விட்டுக் கரைந்துவிடும். சுண்டைக்காய் அளவு உருட்டி முள் நுனி மறைய வைத்தால் போதும். கெண்டை கடிப்பதும் ஒரு தினுசு. தக்கை முதலில் லேசாகச் சாயும், சில நேரம் படுத்துக்கூட விடும். அப்போது சுண்டக்கூடாது. நகர்ந்து முங்கப் போகும்போது மணிக்கட்டால் ஒரே ஒரு சுண்டு. டுக் டுக் என்று குத்தினால் அது ஜிலேபி மீன், கெண்டை இல்லை. சின்ன மீன் வந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றித் திரும்ப விடலாம். வில்லில் இந்த வசதி இல்லை.

குட்டைக்காரரிடம் பேசி வைத்தேன். பிடிக்கிற மீனுக்குக் கிலோ கணக்கில் காசு, அவர் தீனி போடுகிற மூலைக்குப் போகக்கூடாது, நரம்பை அறுத்து வரப்பில் போடக்கூடாது. அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் மருமகன் வண்டியில் கிளம்பிவிட்டோம். ஆறரை மணிக்குத் தக்கை தண்ணீரில். ஏழு மணிக்கு அவன் போனை எடுத்தான், நான் முறைத்தேன், உள்ளே வைத்தான். ஏழேகாலுக்குச் செருப்புத் துண்டு டுக் டுக் என்றது. "விடு, ஜிலேபி" என்றேன். அவன் விடவில்லை. சுண்டினான். கை அகலத்தில் ஒரு ஜிலேபி, முதுகு முள்ளை விரித்துக்கொண்டு வரப்பில் துள்ளியது. அதைப் பிடிக்கப் போய் விரலில் குத்திக்கொண்டு, ரத்தத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"மாமா, ஜிலேபிக்கும் கிலோ கணக்குத்தானா, இல்ல இது நம்மளுதா?"